மூணு சினை நாகு பார்த்தம், எதை அவுத்துட்டு வாறது

மாமாக்கு இந்த முறை சிறுபோக நெல்லு கைகொடுத்திச்சு, அந்தக் காசில பட்டிக்கு ஒரு நல்ல சினை நாகு, அதாவது தலைக்கன்று சுமக்கிற இளம் பசு, வாங்கிப் போடணும் எண்டு நிண்டாரு. பாலுக்கு இல்ல, கன்றுக்குத்தான். திருகோணமலையில கிண்ணியா, மூதூர்ப் பக்கம் பட்டி வச்சிருக்கிறவங்களுக்கு இது விளங்கும், நாம்பன் கன்று போட்டா ரெண்டு வயசு முடிஞ்ச பிறகு குர்பானுக்கு நிக்கும், பெட்டைக் கன்று போட்டா பட்டியில தங்கும், பால் வந்தா அது மேலதிகம். அதால நாங்க தேடினது வருசத்துக்கு ஒரு கன்றை உயிரோட தந்து, அந்தக் கன்றை வயிறு நிரம்ப வளர்த்து, திரும்பவும் நேரத்துக்குச் சினைப்படுற ஒரு தாயை. வாங்குற அண்டைக்கு அழகா நிக்கிற மாட்டை இல்ல.

செப்டெம்பர் முதல் கிழமை மூணு இடத்துக்குப் போனம். வெருகல் பக்கம் ஒரு ஐயாட பட்டியில நாட்டு நாகு ஒண்டு, தம்பலகாமத்தில ஒரு அண்ணன்ட சாகிவால் கலப்பு, கந்தளாயில வீட்டோட கட்டி வளர்த்த பிரிசியன் கலப்பு. மூண்டும் தலைக்கன்று சுமக்குது. கையில ஒரு தையல் டேப், ஒரு கொப்பி. தராசு இல்லாத இடத்தில நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில எடுத்து அதை அதாலயே பெருக்கி, தோள்மூட்டில இருந்து பிட்டத்து எலும்பு வரைக்கும் உள்ள நீளத்தால பெருக்கி, 300ஆல பிரிச்சா நிறை இறாத்தலில வரும், அதைக் கிலோவுக்கு மாத்தினம், துல்லியம் இல்லாட்டியும் மூண்டையும் பக்கத்தில வச்சுப் பார்க்கப் போதும். நாட்டு நாகு சுற்று 50, நீளம் 44, அப்ப 166 கிலோ கிட்ட. சாகிவால் கலப்பு 58க்கு 50, 254 கிலோ. பிரிசியன் கலப்பு 62க்கு 54, அது 314 கிலோ.

இந்த இலக்கத்தைப் பார்த்த உடனே மாமாட கண் கந்தளாய்க்குப் போயிட்டுது. யாரா இருந்தாலும் போகும், அந்த நாகு மினுங்குது, முதுகு மேசை மாதிரி, தவிடும் புண்ணாக்கும் தின்டு வளர்ந்தது, வால் அடியில ரெண்டு பக்கமும் கொழுப்புக் கட்டி நிக்குது. எனக்கு அந்தக் கொழுப்புத்தான் பயம். தலைக்கன்று போடப்போற நாகுக்கு அளவுக்கு மிஞ்சின கொழுப்பு வந்தா கன்று வாற வழியிலயும் அது படியும், வழி ஒடுங்கும், மடியில படிஞ்சா பால் சுரக்கிற இடத்தைப் பிடிச்சுக்கொள்ளும். சினைக்குப் போட்ட ஊசி எந்த இனக் காளைட விந்து எண்டு கேட்டன், பிரிசியன் எண்டாரு. பிரிசியன் கன்று பிறக்கக்குள்ள 40 கிலோ கிட்ட வரும், சாகிவால் கன்று 22 மட்டில, நாட்டுக் கன்று அதையும் விடச் சின்னன். முதல் கன்று போடுற நாகுகள் பிரசவத்தில கஷ்டப்படுறதுக்கு பெரிய காரணமே கன்றுட அளவும் தாய்ட இடுப்பு வழியும் பொருந்தாததுதான். நாகுட இனத்தை ஆயிரம் பேர் கேக்குறாங்க, வயித்துக்குள்ள இருக்கிறதுட தகப்பன் ஆர் எண்டு கேக்குற ஆள் குறைவு.

இதை நான் படிச்சு மட்டும் சொல்லல்ல. எங்கட வீட்டிலயே முந்தி ஒரு நாகு வாங்கினம், வித்தவர் என்ன காளை எண்டு சொல்லல்ல, நாங்களும் கேக்கல்ல. ராவு பத்து மணிக்கு முன்னங்கால் ரெண்டும் வெளிய தெரிஞ்சுது, தலை வரல்ல. வாப்பாவும் நானும் கயிறு போட்டு இழுத்தம், டொக்டர் வந்து சேரக்குள்ள விடியுது. கன்று செத்துத்தான் வந்திச்சு, தாய் பின்னங்கால் ஊண்ட ஏலாம பதினொரு நாள் கிடந்து போயிட்டுது. அந்தப் பதினொரு நாளும் உம்மா வாளியில தண்ணி கொண்டுபோய் அதுட வாய்க்குப் பிடிச்சா. அண்டையில இருந்து நான் முதல்ல கேக்குறது காளையை.

சரி, கால். கந்தளாய் நாகைக் கொட்டிலுக்கு வெளிய எடுத்து கிறவல் ரோட்டில நடக்க விடச் சொன்னன். நிண்ட இடத்தில அழகா நிண்ட மாடு, நடக்கக்குள்ள பின்னங்கால் முட்டு மடங்குறது குறைவு, கம்பு மாதிரி நேராப் போகுது, முன்குளம்பு விழுந்த தடத்துக்குப் பின்குளம்பு வந்து சேரல்ல, ஒரு சாண் பிந்துது. குளம்பும் சீமெந்துத் தரையில நிண்டு நிண்டு நுனி நீண்டு போய்க் கிடக்கு. கட்டித் தீன் போட்டு வளர்க்கிற வீட்டுக்கு இது பெரிய விசயமில்ல, ஆனா எங்கட மாடு பெரும்போகம் விதைச்ச உடனே வயலை விட்டு மேட்டுக்கும் காட்டுக்கும் போகணும், ஒரு நாளைக்கு மைல் கணக்கில நடக்கணும். தம்பலகாமத்து நாகு நடந்த நடை வேற, பின்குளம்பு முன்தடத்திலயே பதியுது, குளம்பு ரெண்டு பக்கமும் ஒரே அளவு. வெருகல் நாகைப் பற்றிக் கேக்கவே தேவல்ல, நடக்கிறதுக்கெண்டே பிறந்த சாதி, எங்களைக் கண்டு பாய்ஞ்ச பாய்ச்சலில ஐயாட மகன் கயிறு போட அரை மணித்தியாலம் எடுத்திச்சு.

அந்தப் பாய்ச்சலையும் நான் கணக்கில எடுக்கிறன். தலைக்கன்று போட்ட நாகு ஆளைக் கிட்ட அண்ட விடாட்டி கன்றுக்குச் சீம்பால் குடிச்சதா இல்லையா எண்டு பார்க்க ஏலாது, தொப்புளுக்கு மருந்து போட ஏலாது. ஆனா ஒண்டு, பட்டியில வளர்ந்த மாடு புது ஆளைக் கண்டு மிரளுறது வேற, அடிக்க வாறது வேற. வெருகல் நாகு கயிறு விழுந்த பிறகு அடங்கி நிண்டிச்சு, கண்ணில கோபம் இல்ல, பயம்தான்.

தம்பலகாமத்து அண்ணன் எங்களை நேர நாகுக்கிட்டக் கூட்டிப் போகல்ல. முதல்ல தாயைக் காட்டினாரு. “நானா, தாயைத் தண்ணித்துறையில பார்த்தா மகளை வீட்டில பார்க்கத் தேவல்ல, இது அஞ்சு கன்று போட்டது, அஞ்சும் தங்கினது” எண்டு மாமாக்குச் சொன்னாரு. நான் குனிஞ்சு தாய்ட மடியைத்தான் பார்த்தன், ஏனெண்டா சாகிவாலில எனக்கு இருக்கிற ஒரே ஐமிச்சம் அது, வயசு போகப் போக மடி தொங்கி காம்பு தடிச்சுப் போற குணம் அந்த இனத்தில இருக்கு, காம்பு போத்தல் மாதிரித் தடிச்சா புதுசாப் பிறந்த கன்று வாயில பிடிக்கத் தடுமாறும். இந்தத் தாய்க்குப் பின்காம்பு ரெண்டும் கொஞ்சம் தடிப்புத்தான், ஆனா மடி பின்முட்டுக்கு மேலதான் நிக்குது, நாலும் வேலை செய்யுது. நாகுட காம்பு என்ட சின்னவிரல் அளவு, நாலும் நேரா இறங்கியிருக்கு. பழுது சொல்லணும் எண்டா இடுப்பு எலும்பில இருந்து வால் அடிக்குப் போற சரிவு கொஞ்சம் கூட, அது எல்லாத் திமில் மாட்டிலயும் இருக்கிறதுதான், கன்று இறங்க அந்தச் சரிவு உதவி எண்டு சொல்லுற ஆக்களும் இருக்காங்க. தாய்ட நிறை டேப்பில 330 கிட்ட வந்திச்சு. ஒரு நாகு தலைக்கன்று போடக்குள்ள வளர்ந்த மாட்டு நிறையில 85 வீதம் இருந்தா நல்லம், அப்ப இது 280க்கு வரணும், இன்னும் அஞ்சரை மாசம் இருக்கு, நல்ல புல்லோட கொஞ்சம் தவிடும் குடுத்தா வரும்.

அஞ்சரை மாசம் எண்டு எப்பிடிச் சொல்லுறன்? அவர்ட கார்ட்டில ஊசி போட்ட திகதி இருக்கு, மே 10, சாகிவால் ஊசி. 285 நாள் கூட்டினா பெப்ரவரி 19 மட்டில. டொக்டர் கைபோட்டுப் பார்த்தும் நாலு மாசம் எண்டு சொல்லியிருக்காரு. கந்தளாய் நாகு ஏழு மாசம் தாண்டிட்டுது, நவம்பர் தொடக்கத்தில போடும். வெருகல் நாகு பட்டிக் காளைக்கு விட்டது, திகதி ஆருக்கும் தெரியாது, டொக்டர் கைபோட்டுச் சொன்னது அஞ்சும் இருக்கலாம் ஆறும் இருக்கலாம் எண்டு, அப்ப டிசம்பர் நடுவில இருந்து ஜனவரி கடைசி வரைக்கும் எப்பவும் வரலாம்.

என்னைக் கேட்டா இந்த மூண்டிலயும் பெரிய வித்தியாசம் இந்தத் திகதிதான், அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறதில்ல. ஒக்டோபரில இருந்து வாடைக்காத்து மழை, வயல் எல்லாம் பயிர், மாடு மேட்டில நெருங்கி சேத்துக்குள்ள நிக்குது. 2022 டிசம்பரில மாண்டூஸ் புயலோட வந்த குளிரில வடக்கிலயும் எங்கட கிழக்கிலயும் எத்தின மாடு விறைச்சு விழுந்திச்சு எண்டு மறக்க ஏலுமா, கூட விழுந்தது மெலிஞ்சதும் கன்றும்தான். பெப்ரவரி கடைசியில போட்டா மழை விட்டிருக்கும், நிலத்தில ஈரம் இருக்கும், பெரும்போகம் வெட்டின வயல் திறபடும், தாய்க்கு ஒட்டுப்புல்லும் வைக்கோலும் கிடைக்கும். இது கன்றுக்கு மட்டும் இல்ல. வருசத்துக்கு ஒரு கன்று வேணும் எண்டா 365இல சினைக்காலம் 285 போக மிச்சம் 80 நாள்தான், அதுக்குள்ள திரும்பச் சினைப்படணும். தலைக்கன்றுக்காரி தானும் வளரணும், பாலும் குடுக்கணும், அதால ரெண்டாம் சினைதான் அவளுக்கு ஆகக் கஷ்டம், அந்த நேரம் வயிறு காஞ்சா பருவத்துக்கே வராது, ஒரு வருசம் சும்மா போகும்.

இனத்தையும் சொல்லிட்டுப் போறன். சாகிவால் பஞ்சாப் வெக்கையில உருவான மாடு, வெயிலும் உண்ணியும் தாங்கும், நாட்டு மாட்டை விட எலும்பும் இறைச்சியும் கூட. நாட்டு மாடு எதையும் தின்டு எங்கயும் பிழைக்கும், காய்ச்சல் கண்டாலும் எழும்பும், ஆனா நாம்பன் நிறைக்கு வர வருசம் எடுக்கும். பிரிசியன் கலப்பு நிழலும் தண்ணியும் தீனும் குறையாம இருக்கிற வீட்டில பால் மாடா நல்லாத்தான் நிக்கும், நான் அதைக் குறை சொல்லல்ல, அது எங்கட பட்டிக்கு இல்ல.

அதால என்ட வரிசை தம்பலகாமம், வெருகல், கந்தளாய். முதலுக்கும் ரெண்டுக்கும் இடைவெளி சின்னன், புண்ணாக்கு வாங்க வசதி இல்லாம முழுக்கக் காட்டை நம்பி நிக்கிற ஆள் கேட்டா வெருகல் நாகைத்தான் காட்டுவன், அதுட விலையும் மத்தது ரெண்டையும் விட நல்லாக் குறைவு. ரெண்டுக்கும் மூண்டுக்கும் இடைவெளி பெரிசு. மாமா வரக்குள்ள வேன்ல கனநேரம் கதைக்கல்ல, கந்தளாய் மினுக்கம் அவர்ட கண்ணை விட்டுப் போகல்ல எண்டு தெரியும். பிறகு தம்பலகாமத்துத் தாய்ட அஞ்சாவது கன்றை நினைச்சுக் கேட்டாரு, “அந்த நாம்பனுக்கு எத்தின மாசம் எண்டான்?” எட்டு மாசம் எண்டன். “எட்டு மாசத்துக்கு அந்த நெஞ்சா?” எண்டாரு.

அட்வான்ஸ் குடுக்க முந்தி ரெண்டு விசயம் சொல்லியிருக்கன். புருசெல்லா எண்ட நோய்க்கு ரத்தம் எடுத்துப் பார்க்கணும், அது இருந்தா கன்று அரைவழியில விழும், மத்த மாட்டுக்கும் மனிசனுக்கும் தொத்தும், அண்ணன் முகம் சுளிக்காம ஓம் எண்டுட்டாரு. மற்றது கால்-வாய் நோய்க்கான (கோமாரி) தடுப்பூசி கடைசியா எப்ப போட்டது எண்டு கார்ட்டில பதிஞ்சு தரணும். முடிவு நல்லா வந்தா வாற வியாழன் லொறி பிடிக்கிறம், வெயில் ஏற முந்தி காலையில ஏத்தி, அடியில வைக்கோல் பரத்தி, தனிய நிண்டு மிரளாம இருக்க அது பழகின ஒரு கிழட்டுப் பசுவையும் கூட அனுப்புறன் எண்டு அண்ணன் சொல்லியிருக்காரு.