ஓய்வுக்காலப் பணத்துக்கு வரிக் கணக்கு: குன்னூர் ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் எங்கள் அனுபவம்

குன்னூர் பெட்போர்டு பகுதியில், மருந்துக் கடை ஒன்றின் மேல்மாடியில் இயங்கும் ஆடிட்டர் அலுவலகம் ஒன்றுக்குக் கடந்த ஒன்பது மாதங்களில் ஐந்து முறை கோத்தகிரியிலிருந்து பேருந்தில் போய் வந்திருக்கிறேன். தேயிலை நிறுவனம் ஒன்றின் அலுவலகத்தில் 31 ஆண்டுகள் எழுத்தராக வேலை பார்த்து, 2024 ஜூன் 30 அன்று அறுபது வயதில் ஓய்வு பெற்றவன் நான். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), பணிக்கொடை, என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்), அஞ்சலகப் பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) என்று நான்கு வழிகளில் வந்த பணத்துக்கு வரிக் கணக்கு எப்படி எழுதுவது என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது. என்னைப் போன்றவர்கள் இந்த மலையில் நிறைய இருப்பதால், அந்த அலுவலகத்தில் கிடைத்த சேவையை விரிவாகவே எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று ஆடிட்டரே கேட்டுக்கொண்டார். இரண்டு உதவியாளர்களை வைத்துக்கொண்டு இதற்கு மேல் ஆட்களைச் சமாளிக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம், அதை மதிக்கிறேன்.

2024 நவம்பரில் முதல் முறை சென்றது என் கணக்கைப் பற்றிக் கேட்கத்தான். பேச்சினிடையே, வீட்டில் வேறு யாராவது சமீபத்தில் பி.எஃப். பணம் எடுத்தார்களா என்று அவர் கேட்டார். தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருந்த என் மனைவி, தன் தாயாரைப் பார்த்துக்கொள்வதற்காக 2023 டிசம்பரில் வேலையை விட்டு, 6 லட்சத்து 40 ஆயிரம் ரூபாயை எடுத்திருந்தார். அதில் பத்து சதவீதமாக 64,000 ரூபாய் டி.டி.எஸ்., அதாவது பணம் தரும்போதே கழித்துக்கொள்ளும் வரி, பிடிக்கப்பட்டிருந்தது. கணினி மையம் ஒன்றில் கொடுத்துக் கணக்குத் தாக்கல் செய்ததில் 20,320 ரூபாய் திரும்பி வந்தது. அதுவே பெரிது என்று நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம். இதைச் சொன்னதும் அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா மொத்தம் எத்தனை வருஷம் வேலை பார்த்தாங்க சார்? கடைசிப் பள்ளியில மட்டும் இல்ல, எல்லாம் சேர்த்து" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வியில்தான் விஷயமே இருந்தது. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றிய பிறகு எடுக்கும் பி.எஃப். பணத்துக்கு வரி கிடையாது. ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொன்றில் சேரும்போது பழைய கணக்கிலிருந்த பணம் புதிய கணக்குக்கு மாற்றப்பட்டிருந்தால், பழைய இடத்தில் பார்த்த காலமும் அந்த ஐந்து ஆண்டுகளில் சேரும். என் மனைவி முதல் பள்ளியில் ஆறு ஆண்டுகளும், இரண்டாவதில் நான்கு ஆண்டு நான்கு மாதங்களும் பணியாற்றியவர். 2019-ல் பணம் முறையாக மாற்றப்பட்டிருந்தது. ஆனால் பழைய பணிக்காலம் புதிய கணக்கில் ஏறவில்லை. பதிவேட்டின்படி அவருக்கு ஐந்து ஆண்டு நிறையவில்லை என்பதால், அப்போதிருந்த 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 192ஏ பிரிவின்கீழ் பணம் பிடிக்கப்பட்டிருக்கிறது. கணினி மையத்தில் இருந்தவரோ, நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்ஸில் தெரிந்த மொத்தத் தொகையையும் சம்பளத்தோடு கூட்டிவிட்டார். சம்பளம் 2,80,000, பி.எஃப். 6,40,000, சம்பளக்காரர்களுக்குப் பொதுவாகத் தரும் நிலைக் கழிவு 50,000 போக 8,70,000 ரூபாய்க்கு, கழிவுகளும் வரி விகிதமும் குறைவாக உள்ள புதிய முறையில் வரியும் மேல்வரியும் சேர்ந்து 43,680 ரூபாய் ஆகியிருக்கிறது. கட்டவே வேண்டியிராத வரியைக் கட்டிவிட்டு, மீதி வந்ததற்காக நாங்கள் சந்தோஷப்பட்டிருக்கிறோம்.

இரு பள்ளிகளின் பணிச் சான்று, இரண்டு பாஸ்புக்குகள், பணம் மாற்றப்பட்டபோது பழைய கணக்கிலிருந்து அனுப்பப்படும் இணைப்பு-கே என்ற விவரத்தாள் ஆகியவற்றை அவர் கேட்டார். அந்த விவரத்தாளை வாங்க எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்த ஆண்டுக்கான திருத்திய கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் அப்போது டிசம்பர் 31 (பிறகு ஜனவரி 15 வரை நீட்டினார்கள்). அவர் டிசம்பர் 5 அன்றே தாக்கல் செய்தார். 43,680 ரூபாயும் வட்டியோடு மார்ச் மாதம் வங்கிக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் இதே வேலையில்தான் அந்த அலுவலகத்தின் பெரிய குறையையும் பார்த்தேன். கணக்கை ஏற்றிய பிறகு, கைபேசிக்கு வரும் எண்ணைக் கொண்டு 30 நாட்களுக்குள் அதைச் சரிபார்க்க வேண்டும். சரிபார்க்காமல் நாள் கடந்தால், சரிபார்த்த நாளே தாக்கல் செய்த நாளாகக் கொள்ளப்படும். எங்கள் விஷயத்தில் அது ஜனவரி 15-ஐயும் தாண்டிப்போயிருந்தால் திருத்திய கணக்கே செல்லாமல் ஆகியிருக்கும். உதவியாளர் இதை மறந்துவிட்டார். ஜனவரி 2 அன்று, அதாவது 28-ஆம் நாள், வேறு எதையோ கேட்க நான் தொலைபேசியில் அழைத்தபோதுதான் இது தெரியவந்தது. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஆடிட்டர் தாமே பேசி வருத்தம் தெரிவித்தார். ஆனாலும் நான் அழைக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் மனம் பதறுகிறது. அங்கே கணக்குக் கொடுப்பவர்கள் அனைவரும், சரிபார்ப்பு முடிந்ததற்கான ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்கிய பிறகே படி இறங்க வேண்டும்.

என் சொந்தக் கணக்கு 2025 ஜூலை கடைசியில் நடந்தது. அந்த ஆண்டு கடைசி நாள் செப்டம்பர் 15 வரை நீட்டிக்கப்பட்டிருந்ததால் கூட்டம் குறைவு. சாரல் காரணமாகவும் அன்று நான்கைந்து பேர்தான் இருந்தோம். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஸ்டீல் ஸ்கேலால் மூன்று பத்திகளாகக் கோடு போட்டு, மேலே "போட்டது", "வளர்ந்தது", "எடுத்தது" என்று எழுதினார். பிறகு ஒவ்வொரு கணக்கையும் ஒரு வரியில் எழுதி, மூன்று கட்டங்களிலும் வரி உண்டா இல்லையா என்று குறித்துக்கொண்டே போனார். மலை ஈரத்தில் என் பி.பி.எஃப். பாஸ்புக்கின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அதே ஸ்கேலை இடையில் நுழைத்து, ஒரு எழுத்தும் கிழியாமல் அவற்றைப் பிரித்து, ஆண்டு வட்டியைத் தேடி எடுத்தார். பி.பி.எஃப்.பில் மூன்று கட்டத்திலும் வரி இல்லை. அதனால் கணக்கில் காட்டவே தேவையில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். வரிவிலக்கு வருமானத்துக்கென்று தனி இடம் இருக்கிறது, வட்டியை அங்கே எழுத வேண்டும் என்று சொல்லி எழுதினார்.

பி.எஃப். வரிசையில்தான் நான் எதிர்பாராதது வந்தது. போட்டபோது பழைய முறையில், சேமிப்புக்கான 80சி பிரிவின்கீழ் கழிவு உண்டு. வேலையில் இருக்கும்வரை வளர்ந்ததற்கு வரி இல்லை. 31 ஆண்டுகள் கழித்து எடுத்ததற்கும் வரி இல்லை. ஆனால் வேலையை விட்ட நாளுக்குப் பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு. பெங்களூரு வருமான வரித் தீர்ப்பாயம் 2017-ல் இதையே சொல்லியிருக்கிறது. என் கணக்கில் 26 லட்ச ரூபாய் இருந்தது. 8.25 சதவீத வட்டி வேறெங்கும் கிடைக்காது என்று என் மகன் சொன்னதைக் கேட்டு, 2025 ஜனவரி வரை எடுக்காமல் வைத்திருந்தேன். ஜூலை முதல் டிசம்பர் வரை ஆறு மாதங்களுக்குச் சேர்ந்த வட்டி 1,07,250 ரூபாய். அது இதர வருமானத்தில் சேர்ந்தது. சொல்லப்போனால் முந்தைய நவம்பரிலேயே அவர் இதைச் சொல்லிவிட்டார். இரண்டு பக்கமும் வட்டிக்கு வரி உண்டென்றால், 8.2 சதவீதம் தந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையில் பணம் கொடுக்கும் அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம்தான் ஓய்வு பெற்றவருக்கு வசதி என்று அவர் விளக்கியதன் பேரில்தான் ஜனவரியில் பணத்தை எடுத்து, அதில் 20 லட்சத்தை அங்கே போட்டேன்.

என்.பி.எஸ்.ஸில் 2015-16 முதல் ஆண்டுக்கு 50,000 ரூபாய் போட்டு வந்தேன். 80சி வரம்புக்கு மேல் தனியாக அவ்வளவு கழிவு அந்த ஆண்டில்தான் வந்தது. அறுபதில் முடித்தபோது 7,20,000 ரூபாய் இருந்தது. அதில் 60 சதவீதமான 4,32,000 வரியில்லாமல் கைக்கு வந்தது. மீதி 2,88,000-க்கு ஆயுள்காலப் பென்ஷன் திட்டம் வாங்கினேன். வாங்கும்போது வரி இல்லை, ஆனால் மாதந்தோறும் வரும் 1,680 ரூபாய் வருமானம்தான். இங்கே அவர் ஒரு நுட்பத்தைக் காட்டினார். பி.எஃப். அலுவலகம் தரும் பென்ஷன் சம்பளத் தலைப்பில் வருவதால் புதிய முறையில் 75,000 ரூபாய் நிலைக் கழிவு அதற்குப் பொருந்தும். காப்பீட்டு நிறுவனம் தரும் இந்தப் பென்ஷன் இதர வருமானத் தலைப்பில் வருவதால் பொருந்தாது. இரண்டையும் பென்ஷன் என்றே அழைத்துப் பழகிய எனக்கு, வரித்துறைக்கு அவை இரண்டு வேறு பொருள்கள் என்பது அன்றுதான் தெரிந்தது.

பணிக்கொடை, விடுப்புச் சம்பளம் இரண்டையும் விரைவாகவே முடித்தார். தனியார் ஊழியருக்குப் பணிக்கொடையில் 20 லட்சம் வரையும், விடுப்புச் சம்பளத்தில் 25 லட்சம் வரையும் சட்டம் சொல்லும் கணக்குக்கு உட்பட்டு விலக்கு உண்டு. என் தொகைகள் அதற்கு வெகு கீழே இருந்தன. எல்லாம் கூட்டிக் கழித்துப் பழைய முறை, புதிய முறை இரண்டிலும் போட்டுப் பார்த்ததில், புதிய முறையில், குறைந்த வருமானக்காரர்களுக்கான 87ஏ தள்ளுபடிக்குப் பிறகு எனக்கு வரி எதுவும் வரவில்லை. வங்கி வைப்புத் தொகைக்குப் பிடித்திருந்த 11,000 ரூபாயும் திரும்பக் கிடைக்கும். வரி இல்லை என்று தெரிந்த பிறகும், அந்த 1,07,250 ரூபாயை அவர் விடாமல் எழுதியது எனக்குப் பிடித்திருந்தது.

நான் காத்திருந்தபோது கேத்தியிலிருந்து வந்த இளைஞர் ஒருவர், நான்கே கால் வருடம் பார்த்த வேலையை விட்டுவிட்டு, பைக் வாங்க பி.எஃப். பணத்தை எடுக்க வேண்டும் என்றார். கட்டணம் கிடைக்கும் வேலைதான். ஆனால் ஆடிட்டர் அவரை உட்காரவைத்துத் தடுத்தார். ஐந்து ஆண்டுக்கு முன் எடுத்தால், முதலாளி போட்ட பங்கும் அதன் வட்டியும் சம்பளமாகக் கணக்காகும், தன் பங்கின் வட்டி இதர வருமானமாகும், முன்பு 80சி கழிவு வாங்கியிருந்தால் அதுவும் திரும்ப வரிக்கு வரும். தொகை 50,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் பத்து சதவீதம் பிடிப்பார்கள், பான் எண் இணைக்காவிட்டால் இருபது சதவீதம். புதிய வேலையில் சேர்ந்ததும் கணக்கை மாற்றிக்கொள்ளும்படி சொல்லி அனுப்பினார். அதற்குப் பணம் எதுவும் வாங்கவில்லை.

அவருக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்வதையும் கவனித்தேன். அமெரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பிய என் பக்கத்து வீட்டுக்காரருக்கு அங்கே ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா நாடுகளில் உள்ள அத்தகைய கணக்குகளின் வருமானத்தை, ஆண்டுதோறும் இல்லாமல், அந்த நாட்டில் வரி விதிக்கப்படும் ஆண்டிலேயே இங்கும் காட்ட அப்போதைய சட்டத்தின் 89ஏ பிரிவு இடம் கொடுத்தது. அதற்குப் படிவம் 10-இஇ தர வேண்டியிருந்தது. சட்டம் இதுதான், ஆனால் இந்தப் படிவத்தைத் தாம் நிரப்பிப் பழகியதில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, கோவையில் வெளிநாட்டுக் கணக்கு பார்ப்பவர் ஒருவரிடம் அனுப்பிவைத்தார்.

கட்டணம் சாதாரணக் கணக்குக்கு 1,200 ரூபாய், என் மனைவியின் திருத்திய கணக்குக்கு 2,500; இரண்டுக்கும் ரசீது கொடுத்தார்கள். கணினி மையத்தில் 300 ரூபாய்தான் கொடுத்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். படிக்கட்டு செங்குத்தாக இருக்கிறது, கைப்பிடி ஒரு பக்கம் மட்டுமே. மழை நாளில் முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறுவது சிரமம். முன்கூட்டிச் சொன்னால் உதவியாளர் கீழே வந்து காகிதங்களை வாங்கிக்கொள்கிறார், ஆனால் இது பலருக்குத் தெரியவில்லை. மதியத்துக்குப் பிறகு தொலைபேசியை எடுப்பதில்லை. காலை பத்து முதல் பன்னிரண்டுக்குள் அழைக்க வேண்டும். போகிறவர்கள் பி.எஃப். பாஸ்புக், ஒவ்வொரு வேலையிலும் சேர்ந்த தேதி, விலகிய தேதி, சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி நிறுவனம் தரும் படிவம் 16 ஆகியவற்றைக் கையோடு கொண்டு போனால் ஒரே நடையில் முடியும்.

ஆகஸ்ட் மாதம் கடைசியாகச் சென்றது, வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் தரும் படிவம் 15எச்சுக்காக. 20 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 வீதம் ஆண்டுக்கு 1,64,000 ரூபாய் வட்டி வரும். மூத்த குடிமக்களுக்கான டி.டி.எஸ். வரம்பு 2025 ஏப்ரல் முதல் 50,000-லிருந்து ஒரு லட்சமாக உயர்ந்திருந்தாலும், என் வட்டி அதையும் தாண்டுகிறது. மொத்த வருமானத்துக்கு வரி வராது என்பதால் அந்தப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்கி, கோத்தகிரி அஞ்சலகத்தில் கொடுக்கச் சொன்னார். கொடுத்து, நகலில் முத்திரையும் வாங்கி வந்துவிட்டேன். ஒவ்வொரு நிதியாண்டும் இதைப் புதிதாகத் தர வேண்டும் என்பதால், அடுத்த ஏப்ரல் முதல் வாரத் தேதியை அவரே என் பாஸ்புக் உறையின் மேல் பென்சிலால் எழுதிக் கொடுத்திருக்கிறார்.