டிஸ்பேஸா, விக்கியா, பிறர் வீடா? கொழும்பின் ஆய்வேடுகளை எங்கே வைப்பது

2023 ஓகஸ்ட்டில் இலங்கை அரசின் கிளவுட் சேவையில், தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த மூன்று மாதத்துக்குக் காப்புப் பிரதியே இருக்கவில்லை. அமைச்சரவை அலுவலகத்துக்கே இந்தக் கதி என்றால், ஒரு கல்லூரி நூலகத்தின் மூலையில் நிற்கும் ஒற்றைச் சேர்வரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆனாலும் கொழும்பில் எண்ணிம நூலகம் பற்றி யார் கூடினாலும் முதலில் எழும் கேள்வி "எந்த மென்பொருள் நல்லது?" என்பதுதான். நான் வேறு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். பொறுப்பாளர் போய்விட்டார், பணம் நின்றுவிட்டது, சேர்வர் எரிந்துவிட்டது. இப்போது உள்ளே போட்டதை வெளியே எடுக்க முடியுமா? இந்த அளவுகோலை வைத்தால் வழக்கமான தரவரிசை கொஞ்சம் குலைகிறது.

பல்கலைக்கழகங்களில் கோலோச்சுவது டிஸ்பேஸ். எம்ஐடி நூலகமும் எச்பி ஆய்வுகூடமும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள். கொழும்பு, மொறட்டுவை, களனி, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களும் தேசிய விஞ்ஞான மன்றமும் அதில்தான் களஞ்சியம் அமைத்தன. காரணங்கள் வலுவானவை. ஆய்வுகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்கொலர் எதிர்பார்க்கிற விவரக் குறிப்புகளை அது தானாகவே பக்கத்தில் எழுதிவைக்கும். பல களஞ்சியங்களை ஒரே இடத்தில் தேடவைக்கும் வெளிநாட்டுத் திரட்டிகள் வந்து விவரங்களை அள்ளிச்செல்ல வழி வைத்திருக்கிறது. ஆய்வேட்டை இரண்டு வருடம் பூட்டிவைத்துப் பிறகு திறப்பது போன்ற ஏற்பாடுகளும் உண்டு. ஆய்வேடு மேற்கோள் காட்டப்பட வேண்டும் என்றால் இதை விட்டால் பெரிதாக மாற்று இல்லை.

இனி வெளியே எடுக்கிற கதை. டிஸ்பேஸ் கோப்புகளைத் தன் கிடங்கில் நீண்ட இலக்கங்களைப் பெயராக இட்டு, அடுக்கடுக்கான கோப்புறைகளுக்குள் வைக்கிறது. எந்த இலக்கம் எந்த ஆய்வேடு என்ற கணக்கு தரவுத்தளத்தில் தனியாக இருக்கும். அது போய்விட்டால், கையில் மிஞ்சுவது பெயரில்லாத ஆயிரக்கணக்கான கோப்புகள். எது யாருடைய ஆய்வேடு என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். இதற்கு மருந்து மென்பொருளிலேயே இருக்கிறது: கோப்பையும் விவரத்தையும் ஒரே பொதியாகக் கட்டி ஏற்றுமதி செய்யலாம். கோப்புகள் கெட்டுப்போயிருக்கின்றனவா என்று சரிபார்க்கும் கருவியும் கூடவே வருகிறது. இரண்டையும் யாராவது கால அட்டவணை போட்டு ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்த "யாராவது" தான் சிக்கல்.

2021இல் வந்த 7ஆம் பதிப்பில் முகப்பு முழுவதும் புதிதாக எழுதப்பட்டது. முகப்பும் பின்புலமும் இப்போது தனித்தனியாக ஓடுகின்றன. 6ஆம் பதிப்புக்கான ஆதரவு 2023 நடுப்பகுதியோடு முடிந்தது. ஆகவே பழையதில் நிற்பவர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, புதியதற்கு ஏறுவதென்றால் அநேகமாகப் புதிதாக நிறுவுகிற வேலை. அதைச் செய்யத் தெரிந்தவர் எங்கள் ஊரில் இருந்தார். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அவர் மெல்பேர்னிலோ டொரொண்டோவிலோ இருப்பார்.

நிரந்தர முகவரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்பேஸ் நிறுவும்போது ஒவ்வொரு பதிவின் நிரந்தர முகவரிக்கும் 123456789 என்ற மாதிரி எண் முன்னொட்டாக இருக்கும். இத்தகைய முகவரிகளை உலகளவில் நிர்வகிக்கும் ஹாண்டில் அமைப்பில் பதிவுசெய்து, சிறு ஆண்டுக் கட்டணம் கட்டிச் சொந்த எண் எடுக்க வேண்டும். பலர் எடுப்பதில்லை. அந்த மாதிரி எண்ணோடு ஓடும் களஞ்சியங்கள் உலகம் முழுக்க உண்டு, எங்கள் நாட்டிலும் உண்டு. சேர்வரின் முகவரி மாறிய அன்றைக்கு அந்த "நிரந்தர" இணைப்பு எங்கும் போகாது. களஞ்சியம் நடத்துபவர் ஒருவரிடம் முதலில் கேட்க வேண்டியது இந்த எண்ணைத்தான். பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

ஈபிரிண்ட்ஸ், கிரீன்ஸ்டோன் என்ற வேறு இரு மென்பொருள்களும் பட்டியல்களில் இன்னும் வருகின்றன. சவுதாம்டன் பல்கலைக்கழகத்தின் ஈபிரிண்ட்ஸ் உறுதியானது, ஆனால் பேர்ள் மொழி தெரிந்த ஆளை இங்கே தேடிப் பிடிப்பது பெரும்பாடு. நியூசிலாந்தின் கிரீன்ஸ்டோன், நூலகத்தையே இறுவட்டில் அடக்கிக் கொடுத்த காலத்தில் அருமையானது. அந்தக் காலம் போய்விட்டது.

இனி விக்கி வழி. ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கும் நூலகம் திட்டம் 2005 ஜனவரியில் தொடங்கியது. அதன் தளம் விக்கிப்பீடியாவின் மென்பொருளான மீடியாவிக்கியில் ஓடுகிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்கள் எரிந்த சமூகம் இது. ஒரே இடத்தில் ஒரே பிரதி வைத்தால் என்ன ஆகும் என்பதை அதற்கு எந்தக் கையேடும் சொல்லித்தர வேண்டியதில்லை. நூல், சஞ்சிகை, பத்திரிகை, கோயில் மலர், பாடசாலை மலர், நினைவு மலர் என்று பல்கலைக்கழகக் களஞ்சியங்கள் திரும்பியும் பார்க்காதவற்றையெல்லாம் அங்கே காணலாம். கொழும்புத் தமிழர் வரலாற்றை எழுத உட்காரும் ஆய்வாளருக்கு அந்த மலர்கள் இல்லாமல் கை ஓடாது.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் விக்கி எளிமையானது. அதுவே அதன் பலம். ஒவ்வொரு பதிவும் வெறும் எழுத்துப் பக்கம். பக்கங்கள் முழுவதையும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாக இறக்கி வேறிடத்தில் ஏற்றலாம். கோப்புகள் தங்கள் பெயரோடேயே கிடக்கின்றன. யார் எதை எப்போது மாற்றினார் என்ற வரலாறும் கூடவே வருகிறது. கணினிப் படிப்பு இல்லாத தன்னார்வலரும் பதிவை எழுதப் பழகிவிடலாம். என் அளவுகோலில் இதற்கு டிஸ்பேஸைவிட அதிக புள்ளி.

ஆனால் விக்கிப் பக்கத்தில் ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம் எல்லாம் மனிதக் கண்ணுக்கு எழுதப்பட்டவை. இயந்திரம் அவற்றைத் தனித்தனிப் புலங்களாகப் பார்ப்பதில்லை. திரட்டிகளுக்கான வழியும் இயல்பாக இல்லை, ஸ்கொலரிலும் ஏறாது. ஒலி, ஒளி, ஓலைச்சுவடி என்று போனால் விக்கி திணறும். நூலகம் திட்டத்தை நடத்தும் நூலக நிறுவனமே பல்லூடகங்களுக்காக ஐலண்டோரா மென்பொருளில் ஆவணகம் என்று தனியாக ஒன்றை அமைத்திருப்பது இதற்குச் சாட்சி.

மூன்றாவது வழி, சேர்வரே வேண்டாம், பிறர் வீட்டில் வைப்போம் என்பது. இது சோம்பேறித்தனமாகத் தெரியும். ஆனால் 2022ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360ஐத் தொட்டது. டொலரில் வாடகை கட்டிய கிளவுட் கணக்குகள் ஒரே வருடத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகின. சொந்தச் சேர்வர் மின்சாரத்தில் மாட்டியது, வாடகைச் சேர்வர் நாணயத்தில் மாட்டியது. இலவசமாக வைத்திருந்தவர்களுக்கு இரண்டு தலையிடியும் இல்லை.

ஜெனீவாவின் செர்ன் ஆய்வுகூடம் 2013 முதல் நடத்தும் செனோடோ, ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இலவசமாக இடம் தந்து, மேற்கோள் காட்டப் பயன்படும் டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண்ணும் கொடுக்கிறது. எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று கேட்டால், செர்ன் இருக்கும்வரை, அதாவது இன்னும் 20 ஆண்டுகளுக்காவது என்று பதில் வைத்திருக்கிறது. எங்கள் நிறுவனங்கள் எதுவும் இப்படி எழுத்தில் தந்து நான் பார்த்ததில்லை. தனி ஆய்வாளர் ஒருவர் தன் ஆய்வேட்டையோ களத்தரவையோ வைக்க இதைவிட நல்ல இடம் சொல்லத் தெரியவில்லை.

அமெரிக்காவின் இலவச இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்கைவ் இன்னும் தாராளமானது. ஸ்கான் செய்த தமிழ்ப் பக்கங்களைத் தானே எழுத்துணரி கொண்டு வாசித்துத் தேடக்கூடியதாக்கும். ஆனால் 2024 ஒக்டோபரில் தாக்குதலுக்குள்ளாகிப் பல நாள் முடங்கியது. அதற்கு முந்தைய மாதம்தான் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கின் மேன்முறையீட்டிலும் தோற்றது. அதை ஒரே பிரதியாக நம்புவதும் மூலைச் சேர்வரை நம்புவதும் ஒன்றுதான். பதிப்புரிமையும் நினைவிருக்கட்டும்: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை உண்டு. எழுபதுகளின் சஞ்சிகையைத் தூக்கி ஏற்றுமுன் குடும்பத்தாரிடம் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் தீராத தமிழ்ச் சிக்கல்கள் உண்டு. இங்கே பல ஆண்டுகளாக ஆய்வேடுகள் யுனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. அந்தப் பிடிஎப் திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துக் குப்பை. தேடினால் எதுவும் வராது. யுனிகோடுக்கு மாற்றிய பிரதி ஒன்றைப் பக்கத்தில் வைக்காத களஞ்சியம் அரைக் களஞ்சியம். பெயர்களும் அப்படியே. டிஸ்பேஸ் மரபு குடும்பப் பெயர், காற்புள்ளி, முதற்பெயர் என்று எதிர்பார்க்கும். க. கைலாசபதியின் "க." தந்தையின் பெயர், அவர் பெயர் கைலாசபதி. ஒரு பதிவாளர் முன்னே போடுவார், இன்னொருவர் பின்னே போடுவார், ஒரே ஆசிரியர் நான்கு ஆட்களாகிவிடுவார். சிவத்தம்பிக்கு ஆங்கில எழுத்துக்கூட்டலும் இரண்டு. மென்பொருள் வாங்குமுன் பெயர்ப் பட்டியல் ஒன்றை ஒப்புக்கொள்வது மலிவான வேலை. ஆனால் அதற்கு எவரும் திட்டப் பணம் ஒதுக்குவதில்லை.

என் முடிவு: நிரந்தரச் சம்பளத்தில் கணினிப் பொறுப்பாளர் ஒருவரும் அவருக்கு மாற்றாள் ஒருவரும் இருக்கிற பல்கலைக்கழகம் டிஸ்பேஸையே வைத்திருக்கட்டும். ஆனால் ஏற்றுமதிப் பொதிகளை மாதம் ஒருமுறை வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பட்டும். பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு இருக்கும்போது, ஸ்டான்ஃபோர்டின் லொக்ஸ் முறையில் பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் திருத்துகிற கூட்டு ஏற்பாட்டையும் செய்யலாம்.

கல்லூரி, கோயில், சங்க நூலகம், சிறு ஆய்வு வட்டம் எல்லாம் டிஸ்பேஸ் பக்கமே போக வேண்டாம், யாராவது இலவசமாக நிறுவித் தருகிறேன் என்றாலும். ஸ்கானை நூலக நிறுவனத்துக்குக் கொடுங்கள், மேற்கோள் காட்டப்பட வேண்டியதைச் செனோடோவிலும் போடுங்கள். மூலக் கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, ஒன்றைக் கொழும்பு வெள்ளவத்தையிலும் மற்றதை மட்டக்களப்பிலோ கண்டியிலோ வையுங்கள். ஒவ்வொரு டிஸ்க்கிலும் கோப்பின் பெயர், தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, அனுமதிக் கடிதத்தின் விவரம் ஆகியவற்றைச் சாதாரண அட்டவணைக் கோப்பாகப் போட்டுவிடுங்கள். சேர்வருக்கென்று ஒதுக்கிய காசு மிஞ்சும். அதில் பாமினியை யுனிகோடாக்கி மெய்ப்புப் பார்க்க ஒரு மாணவரை அமர்த்தலாம்.