எஃப்.டி. என்று சொல்லி விற்ற பத்து வருஷப் பாலிசி: அப்பாவின் 3 லட்சம் போன கதை

2021-இல் அப்பா ரிட்டயர் ஆகி வந்த பணத்தில் 3 லட்சத்தை எஃப்.டி. போடத்தான் வங்கிக்குப் போனார். இருபது வருஷமாகக் கணக்கு வைத்திருக்கிற கிளை. "இதுவும் எஃப்.டி. மாதிரிதான் சார், வட்டி கூட வரும்" என்று உட்காரவைத்து, காபி கொடுத்து, டேப்லெட்டில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். "அப்புறம் ஒரு ஃபோன் வரும் சார், எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிடுங்க." அப்பாவும் சொன்னார்.

பாலிசிப் பத்திரம் (பாண்டு) தபாலில் வந்தது. கவரைக்கூடப் பிரிக்காமல் பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிட்டார். மறுவருஷம் "பிரீமியம் 3 லட்சம் கட்டவும்" என்று எஸ்எம்எஸ் வந்த பிறகுதான் நான் அதைப் பிரித்தேன். சேமிப்பும் ஆயுள் காப்பீடும் சேர்ந்த எண்டோமென்ட் இன்சூரன்ஸ் பாலிசி, வருஷம் 3 லட்சம் வீதம் 10 வருஷம் கட்டணும். அவருக்கு மொத்தப் பென்ஷனே அவ்வளவு வராது.

சரி, நிறுத்திவிடலாம் என்றால், அன்றைய விதிப்படி இரண்டு வருஷப் பிரீமியம் கட்டாத பாலிசிக்கு சரண்டர் தொகை (பாலிசியைப் பாதியில் முடித்துக்கொண்டால் திரும்பக் கிடைக்கும் பணம்) ஒரு பைசா கிடையாது. இரண்டாவதையும் கட்டி உடனே சரண்டர் செய்தால் 30 சதவீதம், அதாவது 6 லட்சத்துக்கு 1,80,000. அதை வாங்க இன்னொரு 3 லட்சமா? விட்டுவிட்டோம். (2024 அக்டோபர் 1-க்குப் பிறகு விற்கிற பாலிசிகளில் ஒரு வருஷம் கட்டியிருந்தாலே கொஞ்சம் கிடைக்கும். எங்களுக்கு அது பொருந்தாது.) இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் புகார் கொடுத்தோம். கையெழுத்து இருக்கிறது, ஃபோனில் நீங்கள் "ஆமா" சொன்னதும் பதிவாகியிருக்கிறது என்று பதில் வந்தது. சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்த்துவைக்கும் அதிகாரி) இருக்கிறார், செலவே இல்லை, போகலாம் என்று எவ்வளவோ கெஞ்சினேன். நாலு பேருக்குத் தெரிந்தால் கேவலம் என்று அப்பா மறுத்துவிட்டார், நிறுவனம் மறுத்த ஒரு வருஷத்துக்குள் போகவேண்டிய கெடுவும் தாண்டிவிட்டது.

நல்ல மியூச்சுவல் ஃபண்டாகத் தேடி 10 லட்சம் போட்டு ஒரு சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தாலும் வருஷத்துக்கு 10,000 ரூபாய்தான். அந்தக் கணக்கில் இந்த 3 லட்சத்தை மீட்க 30 வருஷம் ஆகும். அந்த ஒரு சதவீதத்துக்காக நான் வருஷக்கணக்கில் ஃபண்டு ஃபண்டாக அலசிக்கொண்டிருந்தேன், அப்பாவோடு அன்றைக்கு ஒரு மணி நேரம் வங்கிக்குப் போகவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பீரோவிலும் இப்படிப் பிரிக்காத கவர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பாலிசி கைக்கு வந்து 30 நாள் ஆகவில்லை என்றால் 'ஃப்ரீ லுக்' என்கிற, படித்துப் பார்த்து வேண்டாம் என்று சொல்லும் சலுகையில் திருப்பிக் கொடுக்கலாம், சிறு பிடித்தம் போகப் பணம் திரும்ப வரும். வங்கியில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள், எழுதிக் கொடுத்துத் தேதியோடு சீல் வாங்குங்கள்.