சிலேட்டை அழிப்பதற்கு முன்: ஓஎஸ்எஃப் தளத்தோடு ஐந்து வருடம்

பாக் நீரிணைப் பக்கம் கடற்புல் கணக்கெடுக்கப் போகும் ஆய்வு மாணவர்கள் கையில் இரண்டு பொருள் கட்டாயம் இருக்கும். அரை மீட்டருக்கு அரை மீட்டர் பிளாஸ்டிக் குழாய்ச் சட்டம் ஒன்று, கயிற்றில் பென்சில் கட்டிய வெள்ளை பிளாஸ்டிக் சிலேட் ஒன்று. தண்ணீருக்கடியில் பார்த்ததைச் சிலேட்டில் கிறுக்கி, கரைக்கு வந்ததும் நோட்டில் அழகாகப் பெயர்த்து எழுதுவார்கள். அப்புறம் பாத்திரம் தேய்க்கும் பவுடரைப் போட்டுச் சிலேட்டைத் துடைத்துவிடுவார்கள். அடித்து எழுதிய எண், ஓரத்தில் கேள்விக்குறி போட்ட எண் எல்லாம் அந்தப் பவுடரோடு போய்விடும். நோட்டில் இருப்பது ஏற்கெனவே பாதி திருத்திய கதை.

நான் இந்தக் கரையில் ஆய்வு மாணவர்களுக்கு வகுப்பு எடுப்பவன். பிஎச்டி சேருகிற எல்லோரும் ஆய்வு அறம், வெளியீட்டு அறம் பற்றி இரண்டு கிரெடிட் பாடம் படிக்க வேண்டும் என்று யுஜிசி 2019 கடைசியில் சொன்னது. மொத்தம் 30 மணி நேரம். அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது, அறத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் தூங்கிவிடுவார்கள் என்று தெரியும். அதனால் 2021-இலிருந்து ஒவ்வொரு பேட்சையும் ஆய்வின் ஒவ்வொரு படியையும் நடக்க நடக்கவே பொதுவெளியில் போட வைக்கிறேன். அதற்குப் பயன்படுத்துவது ஓஎஸ்எஃப், அதாவது ஓப்பன் சயன்ஸ் ஃப்ரேம்வொர்க். அமெரிக்காவில் சென்டர் ஃபார் ஓப்பன் சயன்ஸ் என்ற லாப நோக்கமில்லா அமைப்பு நடத்தும் இலவசத் தளம். ஐந்து வருடம் பயன்படுத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஏன் இது வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். ஆய்வுத் திட்டச் சுருக்கமான சினாப்சிஸ் சோத்கங்கோத்ரி என்ற இணையக் கிடங்குக்குப் போகிறது, முடிந்த ஆய்வேடு சோத்கங்கா என்ற இன்னொரு கிடங்குக்குப் போகிறது. நடுவில் இருக்கிற நாலைந்து வருட ஆறு எங்கே போகிறது? நம் வைகை கடலைத் தொடுகிறதா என்று தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறதே, அதே கதைதான்.

எண்ணம் புதிதும் இல்லை. டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் வேதியியல் நடத்திய ஜான்-குளோட் பிராட்லி 2006-இலேயே இதற்கு ‘ஓப்பன் நோட்புக் சயன்ஸ்’ என்று பெயர் வைத்தார். மலேரியாவுக்கு எதிரான சேர்மங்களைத் தேடிய அவருடைய ஆய்வகத்தில், சொதப்பிய சோதனையும் இணையத்தில் ஏறியது. இதைச் சொன்னதும் என் மாணவர்கள் முகத்தில் தெரிந்தது வியப்பு இல்லை, பயம். “சார், தப்பா போனதையும் போடணுமா?”

போடணும். ஆனால் முதல் வருடம் யாரும் போடவில்லை. தினப்பதிவைத் திறந்தால் எல்லோருடையதும் ஒரே குரலில் இருந்தது. ‘பார்ஷியலி கம்ப்ளீட்டட்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதற்கு என்ன அர்த்தம் என்று எழுதியவரையே கேட்டால் சிரிப்பார். இரண்டாவது பேட்ச்சுக்குத் தினப்பதிவைத் தமிழில் எழுதுங்கள், பேசுகிற மாதிரியே எழுதுங்கள் என்று சொன்னேன். தளத்தின் மெனுவெல்லாம் ஆங்கிலம்தான் என்றாலும், அதிலுள்ள விக்கிப் பக்கம் தமிழைச் சிக்கலில்லாமல் ஏற்றுக்கொள்கிறது. மறுவாரமே ஒரு பதிவு இப்படி வந்தது: “காலை 6.40. மோர்ப்பண்ணை. வாடை தூக்கிவிட்டது. தண்ணீர் ஒரே கலங்கல், சட்டத்துக்குள் என் விரலே தெரியவில்லை. மூன்றாவது கயிறு போடவில்லை. சும்மா திரும்பினோம். படகுக் கூலி மட்டும் நஷ்டம்.” இந்த ஐந்து வருடத்தில் நான் கற்றுக்கொடுத்ததில் உருப்படியானது எது என்று கேட்டால் இந்த மொழி மாற்றத்தைத்தான் சொல்வேன். ஆங்கிலத்தில் மழுப்ப முடிகிறது. தமிழில் மழுப்பினால் எழுதுகிறவருக்கே கூச்சமாக இருக்கிறது.

அடுத்தது முன்பதிவு. தரவு எடுப்பதற்கு முன்பே, என்ன எதிர்பார்க்கிறேன், எத்தனை இடத்தில் எப்படி எடுப்பேன், எப்படிக் கணக்குப் போடுவேன் என்று எழுதித் தேதி முத்திரையோடு பூட்டிவிடுவது. முன்பதிவு என்றதும் எங்கள் பிள்ளைகளுக்கு ராமேஸ்வரம் ரயில்தான் ஞாபகம் வரும்; மண்டபத்தோடு ரயில் நின்றுவிட்ட இரண்டு சொச்ச வருடம் அந்த நகைச்சுவைகூட எடுபடவில்லை. யோசனையைத் திருடிவிடுவார்கள் என்று பயப்படும் வழிகாட்டிகளுக்கு ஒரு வசதி இருக்கிறது: பதிவை அதிகபட்சம் நான்கு வருடம் மூடி வைக்கலாம், தேதி மட்டும் நம் பக்கம் நிற்கும். இதைக் காட்டிய பிறகுதான் பாதிப் பேர் சம்மதித்தார்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று. பதிவுக்கு ஒப்புதல் கேட்டு மின்னஞ்சல் வரும். 48 மணி நேரத்துக்குள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் தானாக ஏறிவிடும். பழகிப் பார்ப்பதற்காக ‘டெஸ்ட்டு’ என்று தலைப்பு வைத்த மாணவி கடலுக்குப் போய்விட்டார், மெயிலைப் பார்க்கவில்லை. பதிவை அழிக்க முடியாது, திரும்பப் பெறத்தான் முடியும். பெற்றாலும் தலைப்பும் பெயரும் நிற்கும். அந்தப் பெண் பெயரில் இன்றைக்கும் ஒரு ‘டெஸ்ட்டு’ நிற்கிறது.

தரவு எடுப்பதற்கு முன்பே ஆய்விதழ் திட்டத்தை மதிப்பிட்டு ஏற்கும் முறையையும், 2013-இல் கார்டெக்ஸ் இதழ் தொடங்கியதே அதை, ஒருமுறை முயன்றோம். மதிப்பீட்டுக் கடிதம் வருவதற்குள் வாடைக்காலம் வந்துவிட்டது. எங்கள் வேலைக்கு அது ஒத்துவராது.

இனி, இதனால் என்ன லாபம் என்பதற்கு ஒரே ஒரு சம்பவம். நாங்கள் 50 மீட்டர் கயிறு மூன்று போட்டு, ஐந்து மீட்டருக்கு ஒரு சட்டம் வைப்போம். ஓர் இடத்துக்கு 33 சட்டம். ஒவ்வொன்றிலும் புல் எத்தனை சதவீதம் மூடியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, மூலையில் நூல் கட்டிய பத்து சென்டிமீட்டர் கட்டத்துக்குள் குருத்துகளை எண்ணுவோம். இந்தச் செய்முறையை ஒரு மாணவர் படிப்படியாகப் பொதுவில் போட்டிருந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி அதைப் படித்துவிட்டு எழுதினார்: “அண்ணா, நூல் மேலேயே நிற்கிற குருத்தை எண்ணுவீர்களா, விடுவீர்களா?”

அவ்வளவுதான் கேள்வி. எங்களிடம் பதில் இல்லை. ரத்த அணு எண்ணுகிற லேபில் இது பாலபாடம்: இரண்டு ஓரத்தில் தொடுவதை எண்ணு, மற்ற இரண்டில் விடு. நாங்கள் எழுதி வைக்கவே இல்லை. விசாரித்தால், திருப்பாலைக்குடியில் எண்ணியவர் நூலில் பட்ட எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறார், தொண்டியில் எண்ணியவர் எல்லாவற்றையும் விட்டிருக்கிறார். கட்டம் சிறியதாக ஆக ஓரத்தின் பங்கு கூடும் அல்லவா? தொண்டியில் புல் அடர்த்தி குறைவு என்று ஒரு அத்தியாயமே எழுதி வைத்திருந்தோம். இரண்டு பேரையும் ஒரே கட்டத்தின் மேல் மிதக்கவிட்டுத் தனித்தனியாக எண்ணச் சொன்னோம். அந்தக் குறைவில் கணிசமான பங்கு கடலில் இல்லை, எண்ணிய ஆளில் இருந்தது. அத்தியாயம் சுருங்கியது. அந்தச் செய்முறையைப் போட்ட மாணவரின் வழிகாட்டி ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இதே திறந்த கதவு எங்களை ஒருமுறை அடிக்கவும் செய்தது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த நேரமும் தொலைந்துவிடும். அதனால் சிலேட் படத்தை டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அதையே தளத்தில் ஏற்றுங்கள் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கடலட்டை வேலை பார்த்த ஒரு மாணவர், அட்டவணையில் இருந்த இடக்குறிகளை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை, இரண்டு தசமத்துக்குச் சுருக்கிவிட்டார்; அதாவது ஒரு கிலோமீட்டர் சொச்சத்துக்குள் எங்கேயோ. சரிதான். ஆனால் சிலேட்டைப் படம் எடுத்தது வல்லத்தில் (நாட்டுப் படகில்) உட்கார்ந்து, சரியாக அந்த இடத்துக்கு மேலே, போனில். படத்துக்குள் இடக்குறி முழுசாக இருந்தது. கடலட்டை 2001-இலிருந்து வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. இந்தக் கரையில் அதன் கடத்தல் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்து எடுத்தோம். நல்லவேளை, அது பூட்டிய பதிவில் இல்லை, திருத்தக்கூடிய கோப்பாக இருந்தது. தப்பு முழுக்க என்னுடையது.

அதற்கு முன்பே இன்னொருவர் என்னை எச்சரித்திருந்தார். பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் அக்கா ஒருவர். மரிக்கொழுந்துப் பாசி பற்றி வேலை செய்த மாணவி, எல்லாம் பொதுவில் போடப்போகிறோம் என்று பெருமையாகச் சொன்னபோது, அவர் விரலில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்: “ஏம்மா, நாங்க முங்குற எடத்தை நீ கம்ப்யூட்டர்ல போட்டுட்டா, நாளைக்கு வேற ஆளுக வந்து அள்ளிட்டுப் போயிருவாய்ங்க. அப்புறம் நாங்க எங்கிட்டுப் போறது?” அன்றிலிருந்து பாசி இடங்களுக்கு எழுத்துக் குறிதான்: அ, ஆ, இ. எந்த எழுத்து எந்தப் பார் (கடலடிப் பாறைத்திட்டு) என்பது அந்தப் பெண்களுக்கும் மாணவிக்கும் மட்டும் தெரியும். எதை மூடினோம், ஏன் மூடினோம் என்பதைத் திறந்த பக்கத்தில் எழுதிவிட்டோம். படிகளைத் திறப்பது என்றால் எல்லாப் பூட்டையும் உடைப்பது என்று நான் ஆரம்பத்தில் நினைத்திருந்தது எவ்வளவு தப்பு!

சில்லறை விஷயங்கள்: ஓஎஸ்எஃப்-இல் மூடிய திட்டத்துக்கு 5 ஜிபி, திறந்ததற்கு 50 ஜிபி. கடலடி வீடியோ எடுப்பவர்களுக்கு இது காணாது; வீடியோவை ஐரோப்பாவின் செர்ன் ஆய்வு மையம் நடத்தும் செனோடோ என்ற தரவுக் கிடங்கில் போடுகிறோம், அங்கே ஒரு பதிவுக்கு 50 ஜிபி. கரையில் சிக்னல் கிடைக்காத நாளில் படம் இரவில்தான் ஏறும், அதற்குள் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். இத்தனைக்கும் இதற்கெல்லாம் யாரும் மதிப்பெண் தருவதில்லை. பணி உயர்வுப் படிவத்தில் தினப்பதிவுக்கு ஒரு கட்டம்கூட நான் பார்த்ததில்லை. கேட்டால், கட்டுரை எத்தனை என்றுதான் கேட்கிறார்கள்.

அப்படியும் இந்த வருடப் பேட்ச்சுக்கும் இதே முறைதான், இரண்டு மாற்றங்களோடு. போனில் கேமராவுக்கான இட அனுமதியை முதல் வகுப்பிலேயே நிறுத்த வைக்கிறேன். அப்புறம் அந்தப் பாத்திரப் பவுடர் டப்பா இப்போது லேபில் இல்லை, என் மேஜை டிராயரில் இருக்கிறது. படம் தளத்தில் ஏறியதைக் காட்டினால்தான் எடுத்துக் கொடுப்பேன்.