தண்டுவட ஆஞ்சியோகிராம்: ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்றால் எவ்வளவு நம்பலாம்?

தண்டுவடத்து ரத்தக் குழாய்களைப் பார்க்க மூன்று பரிசோதனைகள் இருக்கின்றன: எம்.ஆர். ஆஞ்சியோ, சி.டி. ஆஞ்சியோ, கதீட்டர் என்னும் மெல்லிய குழலை ரத்தக் குழாய்க்குள் விட்டுச் செய்யும் டி.எஸ்.ஏ. சிரமமும் நேரமும் அதிகம் பிடிப்பது மூன்றாவது. சந்தேகத்தை முடித்துவைப்பதும் அதுதான். ஆனால் முழுதாகச் செய்திருக்க வேண்டும்.

முதலில் சாதாரண எம்.ஆர்.ஐ. நடக்க நடக்கக் கால் சோர்வது, மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு தளர்வது என்று மாதக்கணக்கில் கூடிக்கொண்டே போனால் டியூரல் ஃபிஸ்துலாவை, அதாவது தண்டுவட உறையில் தமனியும் சிரையும் தவறாக இணைந்துவிடும் கோளாறை நினைக்க வேண்டும். 50 வயது தாண்டிய ஆண்களிடம்தான் இது அதிகம். தமனி ரத்தம் நேராகச் சிரைக்குள் பாய்ந்து, தண்டுவடம் நீர் கோத்து வீங்கும். எம்.ஆர்.ஐ.யில் தண்டுவடத்தின் உட்புறம் வெளுத்தும், அதை ஒட்டிக் கருப்பாகப் புழு நெளிந்த தடம் போலவும் தெரியும். இதை வேறு அழற்சி என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் சிலருக்குக் கால் பலவீனம் சட்டென்று மோசமாகிவிடுகிறது.

எம்.ஆர். ஆஞ்சியோ கோளாறு எந்த மட்டத்தில் இருக்கிறது என்று ஓரளவு காட்டும். அதனால் டி.எஸ்.ஏ. நேரமும், குழாய்கள் படத்தில் தெரியச் செலுத்தும் சாயத்தின் அளவும் குறையும். வசதி இருந்தால் முதலில் எடுத்துவிடுவது நல்லது. எம்.ஆர்.ஐ.க்கு ஒத்துவராத பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு சி.டி. ஆஞ்சியோ கைகொடுக்கும். ஆனால் எலும்பை ஒட்டி ஓடும் மெல்லிய குழாய்கள் அதில் எளிதில் பிடிபடாது.

டி.எஸ்.ஏ.வில் தொடை இடுக்குத் தமனி வழியாகக் கதீட்டர் போகும். விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் தமனிகள், இடுப்புத் தமனிகள் என ஒவ்வொன்றிலும், இடமும் வலமும் தனித்தனியாகச் சாயம் செலுத்துவார்கள். முதுகில் சுள்ளென்று சூடு பரவும்; அது இயல்பு. சாயம் போகும் முன் ஒரு படம், போன பின் ஒரு படம். முன்னதைப் பின்னதிலிருந்து கழித்தால் எலும்பு மறைந்து குழாய் மட்டும் மிஞ்சும். நடுவில் ஒரு மூச்சு இழுத்தாலும் இரண்டும் பொருந்தாமல் படம் கலங்கிவிடும். குடல் அசைவும் கெடுக்கும், அதற்கும் ஊசி உண்டு. 2, 3 மணி நேரம் அசையாமல், சொன்னபோதெல்லாம் மூச்சைப் பிடித்துப் படுக்க முடியாதவர்கள் முழு மயக்கத்தில் செய்துகொள்வதே மேல்.

பெரிய குறை இங்கேதான் வருகிறது. நேரமோ சாயத்தின் வரம்போ தீர்ந்தால் பாதியில் நிறுத்திவிட்டு, ஒன்றும் தென்படவில்லை என்று எழுதுவதுண்டு. பார்க்காத ஒரு குழாயில் ஃபிஸ்துலா ஒளிந்திருக்கலாம். கழுத்துத் தமனிகளும் இடுப்புக்கூட்டுத் தமனிகளும் விடுபடக் கூடாது. சில சமயம் ஃபிஸ்துலா மண்டைக்குள் இருந்துகொண்டு தண்டுவடத்தைக் கெடுக்கும். எந்தெந்தத் தமனி பார்க்கப்பட்டது, எது அகப்படவில்லை என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்க வேண்டும். ஆடம்கீவிச் தமனி எங்கே கிளைக்கிறது என்பதும் வேண்டும். பெரும்பாலும் இடப்பக்கம், கீழ் மார்பு மட்டத்தில் பிரியும் அது தண்டுவடத்துக்கு ரத்தம் தரும் முக்கியக் குழாய். ஃபிஸ்துலாவும் அதே கிளையிலிருந்து வந்தால், பசை செலுத்தி அடைப்பது ஆபத்து. அறுவை சிகிச்சைதான் வழி.

போகும் முன் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்திருக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரை, சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் இரண்டையும் கட்டாயம் சொல்லுங்கள். எப்போது நிறுத்துவது என்று மருத்துவர்களே சொல்வார்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். வழக்கமாக 6 மணி நேரம் உணவு கூடாது. முன்பு கான்ட்ராஸ்ட் சாயம் ஒவ்வாமல் போயிருந்தால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இறால் ஒவ்வாமைக்கும் இதற்கும் தனித் தொடர்பில்லை, பலர் வீணாகப் பயப்படுகிறார்கள்.

முடிந்த பின் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். இடுக்கில் வீக்கம், கால் குளிர்ந்துபோவது, புதிதாக மரத்துப்போவது, சிறுநீர் வராமல் நிற்பது — எதுவானாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். தண்டுவடத்துக்குப் போகும் ரத்தம் தடைபடுவது அரிது, ஆனால் தாமதிக்கக் கூடாதது. வீட்டுக்குக் கிளம்பும்போது ரிப்போர்ட்டோடு முழுப் படங்களும் அடங்கிய குறுந்தகட்டைக் கேட்டு வாங்குங்கள். வேறொரு மருத்துவர் திரும்பப் பார்க்க அச்சிட்ட நாலு ஃபிலிம் போதாது.