ட்ரவுட்டின் ஈரலும் நம் ஈரலும்

இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விட்ட வானவில் ட்ரவுட் இன்றும் இருக்கிறது. காலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டுவிட்டு மலையேறும் மனிதரோடு அந்த மீனை ஒப்பிட்டால், அனுசேபத்தின், அதாவது உடல் உணவை உடைத்துச் சக்தியாக்கும் வேலையின், நடுப்பகுதியில் பெரிய வித்தியாசம் இல்லை. குளுக்கோசை உடைக்கும் கிளைக்கோப்பகுப்பின் 10 படிகளும், அதன் பிறகு சக்தி எடுக்கும் கிரெப்ஸ் வட்டமும் இரண்டு உடலிலும் அதே ஒழுங்கில்தான் நடக்கின்றன. உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது கழிவு வெளியேறும் இடத்தை.

புரதத்தை எரித்தால் அமோனியா மிஞ்சும். அது நஞ்சு. ட்ரவுட் அதில் பெரும்பகுதியைச் செவுள் வழியே தண்ணீரில் விட்டுவிடுகிறது. செலவு மிகக் குறைவு. நமக்கு அப்படிச் சுற்றிலும் தண்ணீர் இல்லை. அதனால் ஈரல் அமோனியாவை யூரியாவாக மாற்றிச் சிறுநீரகத்துக்கு அனுப்புகிறது. யூரியா உண்டாகும் இந்த வட்டத்தை விஞ்ஞானிகளான கிரெப்ஸும் ஹென்செலைட்டும் 1932இல் கண்டுபிடித்தார்கள். ஒரு யூரியா மூலக்கூறுக்கு 4 ஏடிபிக்கு (கலத்தில் சக்தியைச் சுமக்கும் மூலக்கூறு) சமமான சக்தி போகிறது. மலிவு என்று பார்த்தால் மீனின் வழிதான் வெல்கிறது. ஆனால் ஓடும் தண்ணீர் வேண்டும். நாட்கணக்கில் தண்ணீர் மாற்றாத தொட்டியில் மீன் தன் கழிவாலேயே செத்துப்போகும். கென்யாவின் மகாடி ஏரியில் வாழும் ஒரு திலாப்பியா இனத்தைப் பாருங்கள். அங்கே தண்ணீரின் காரத்தன்மை மிக அதிகம், பிஎச் 10 அளவில். அமோனியா அதில் எளிதாக வெளியேறாது. அந்த மீன் நம்மைப் போலவே யூரியா உண்டாக்குகிறது! எந்தப் பாதை என்பதை இனத்தைவிடச் சுற்றுச்சூழல்தான் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

சீனியைக் கையாள்வதில் நம் பக்கம்தான் கெட்டி. ரொட்டி சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில், ஆரோக்கியமான ஒருவருடைய இரத்தக் குளுக்கோசு இன்சுலினால் பழைய நிலைக்கு வந்துவிடும். ட்ரவுட்டுக்குக் குளுக்கோசு கொடுத்தால் பல மணி நேரம் இறங்காது. அதற்கும் இன்சுலின் உண்டு. ஆனால் மாச்சத்துள்ள இரை உள்ளே போனாலும் அதன் ஈரல் புதிதாகக் குளுக்கோசு செய்வதைச் சரியாக நிறுத்துவதில்லை. இதைச் சீனி வருத்தம் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பூச்சியும் சிறு மீனும் தின்று வாழும் உயிர், அமினோ அமிலத்தை எரித்தே சக்தி எடுக்கப் பழகியது. வளர்ப்பு ட்ரவுட்டின் தீவனத்தில் புரதம் அதிகம் வைப்பதும் இதனால்தான். மேலும் அதன் உடல் ஓடைத் தண்ணீரின் குளிரிலேயே இயங்குகிறது. நாம் நுவரெலியாப் பனியிலும் 37 பாகையைக் காக்க எரிக்கிறோம்.

யூரிக் அமிலத்தை உடைக்கும் நொதியம் மீனுக்கு உண்டு, நமக்கு இல்லை. யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் கவுட் வருத்தம் அந்தக் குறையின் விளைவு.

விற்றமின் சி விஷயத்தில் இருவரும் ஒரே நிலை. குளுக்கோசிலிருந்து அதை உண்டாக்கும் கடைசி நொதியத்தை மனிதரும் இழந்தோம், ட்ரவுட்டும் இழந்தது. அது இல்லாத தீவனத்தில் வளரும் ட்ரவுட்டுக்கு முதுகெலும்பு வளைந்துவிடும். நமக்கு ஈறில் இரத்தம் கசியும். அதைத் தடுக்க நெல்லியும் கொய்யாவும் போதும்.