சிங்குக்குப் பக்கத்தில் இழுவைக் குப்பைத்தொட்டி: எட்டு மாதம் புழங்கிய பிறகு

பொருள் நல்ல பொருள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் பெட்டியைப் பிரித்து அப்படியே மாட்டினால் அது நல்ல பொருள் இல்லை. உள்ளே வந்த இரண்டு வாளிகளில் ஒன்றை எடுத்துவிட்டு, மாட்டிய இடத்தையும் ஒருமுறை மாற்றிய பிறகுதான் எங்கள் வீட்டில் அது ஒழுங்காக வேலை செய்ய ஆரம்பித்தது. சின்னக் கிச்சன் வைத்திருக்கிறவர்கள் வாங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டால் அந்த இரண்டு வேலையும் மிச்சம் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்ன பொருள் என்றால், சமையல் மேடைக்குக் கீழே இருக்கும் 400 மில்லிமீட்டர் அகல அலமாரிக்குள் பொருத்துகிற இரும்புச் சட்டம். இரண்டு பக்கமும் டிராயருக்குப் போடுகிற மாதிரி சேனல், அதன்மேல் முன்னும் பின்னுமாக 16 லிட்டர் வாளிகள் இரண்டு. அலமாரிக் கதவைக் கீலிலிருந்து கழற்றி இந்தச் சட்டத்தின் முகப்பில் பூட்டிவிட்டால், கைப்பிடியை இழுத்ததும் கதவும் வாளிகளும் சேர்ந்து வெளியே வரும். மூடி தனியாக அலமாரிக்குள்ளேயே மேலே நிலையாக நிற்கிறது, வாளிகள் அதன் அடியிலிருந்து நழுவி வெளியே வந்துவிடுகின்றன. மூடியைத் தூக்கும் வேலையே இல்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான்.

முன்பு எங்களிடம் இருந்தது இரண்டு தனித்தனித் தொட்டிகள். மக்கும் குப்பைக்கான வாளி சிங்குக்கு அடியில், கதவுக்குப் பின்னால் இருக்கும். காகிதம், பிளாஸ்டிக், டின் போடுகிற பெரிய கூடை கிச்சன் வாசலில் இருக்கும். சிங்குக்கு அடியில் தண்ணீர் இறங்கும் குழாய் வளைந்து போகும் இல்லையா, அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றுதான் சாக்கடை வாடை மேலே வராமல் தடுக்கிறது, அதனால் அதை நகர்த்தவும் முடியாது. அது போக மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு வாளியைச் சாய்த்துத்தான் நுழைக்க வேண்டும். அம்மா ஒருநாள் சொன்னார்: “கதவைத் திறக்க ஒரு கை, மூடியைத் தூக்க ஒரு கை, தோலை அள்ளிப் போட ஒரு கை. மூணு கை இருந்தாத்தான் ஆகும்டி.” அன்றைக்கு ராத்திரியே அளவுநாடாவை எடுத்துவிட்டேன்.

அளந்ததில் தெரிந்தது ஒரே ஒரு விஷயம். குப்பைத்தொட்டியை இடம் காலியாக இருக்கிற மூலையில் வைக்கக் கூடாது, குப்பை உண்டாகிற கைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒரு வாரம் கவனித்தேன். ஈரக் குப்பை கிட்டத்தட்ட முழுக்க வெட்டும் பலகையிலும் சிங்கிலும்தான் பிறக்கிறது. பாட்டிலும் டப்பாவும் கழுவிய கையோடு சிங்கிலிருந்தே வருகின்றன. வெறும் காகிதமும் அட்டையும் மட்டும்தான் வேறு பக்கத்திலிருந்து வருகின்றன, அவை சொட்டாது, நாறாது, நாலடி நடந்தாலும் பரவாயில்லை. லில்லியன் கில்பிரெத் என்ற அமெரிக்கப் பொறியாளர் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் கை அசைவுகளை ஆராய்ந்த அதே முறையில் 1920-களில் சமையலறை வேலையையும் எத்தனை அடி, எத்தனை அசைவு என்று எண்ணிப் பார்த்தவர், காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத்தொட்டிக்கும் அவரைத்தான் காரணம் சொல்வார்கள். நான் செய்ததும் அதே எண்ணிக்கைதான். தோலை அள்ளிக்கொண்டு ஒரு நாளில் எத்தனை தடவை திரும்புகிறோம் என்று எண்ணினாலே தொட்டி எங்கே இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இவ்வளவு தெரிந்தும் முதல் தடவை தவறான இடத்தில்தான் மாட்டினோம், ஏனென்றால் 400 அகலத்தில் காலியாக இருந்த அலமாரி சிங்குக்கு எதிர்ச்சுவரில், அடுப்புப் பக்கம் இருந்தது. எங்கள் நடைவழி 90 சென்டிமீட்டர். இந்தச் சட்டம் முழுக்க வெளியே வந்தால் 48 சென்டிமீட்டர் நீள்கிறது. மிச்சம் 42. அதில் ஒருவர் சிங்கில் நின்றுகொண்டிருந்தால் அடுத்தவர் குப்பை போட முடியாது, அவரை நகரச் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்தில் வீட்டில் எல்லோரும் மேடைமேல் ஒரு கிண்ணம் வைத்து அதில் போட ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் கார்பென்டரைக் கூப்பிட்டு, சிங்குக்கும் வெட்டும் பலகைக்கும் நடுவில் இருந்த பாத்திர அலமாரியைக் காலி செய்து அங்கே மாற்றினோம். இப்போது தொட்டி திறந்திருக்கும்போது பலகையின் விளிம்பும் வாளியின் வாயும் மேலும் கீழுமாக நேராக அமைகின்றன. அம்மா கத்தியின் முதுகால் ஒரே தள்ளு தள்ளுகிறார், தோல் எல்லாம் நேரே உள்ளே விழுகிறது, தரையில் ஒரு துளி சொட்டுவதில்லை. பாத்திரங்கள்தான் அடுப்புப் பக்கம் போயின, அவை அங்கே இருப்பதுதான் சரி.

மாட்டுவதற்கு முன் அட்டைப் பெட்டி ஒன்றை அதே அளவுக்கு வெட்டி, தொட்டி திறந்த நிலையில் எங்கே வந்து நிற்குமோ அங்கே தரையில் வைத்து இரண்டு நாள் சமைத்துப் பாருங்கள். இடிக்குமா, அடுப்பின் கதவோ பக்கத்து டிராயரோ திறக்குமா எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் ஒரு அலமாரிப் பக்கவாட்டில் ஆணித் துளைகள் மிஞ்சியிருக்காது.

அளவு விஷயத்தில் இன்னொன்று. “400 அலமாரிக்கு” என்று அட்டையில் போட்டிருப்பது வெளி அகலம். பக்கப் பலகைகள் 18 மில்லிமீட்டர் கனமாக இருந்தால் உள்ளே கிடைப்பது 364 தான், பலகை அதைவிடக் கனம் என்றால் இன்னும் குறையும். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் பழைய கீலின் அடித்தகடு ஒன்றைக் கழற்றாமல் விட்டுவிட்டார்கள், அது உள்ளே துருத்திக்கொண்டு நின்று ஒவ்வொரு தடவையும் வாளியை உரசியது. கழற்றிய பிறகு சத்தமே இல்லை. ஆழத்தையும் கதவிலிருந்து பின்பலகை வரை அளந்து விட்டுவிடாதீர்கள், பின்பக்கம் குழாயோ மின்சாரப் பெட்டியோ இருந்தால் அங்கிருந்து அளக்க வேண்டும்.

சேனலைப் பற்றிக் குறையே சொல்ல மாட்டேன். முழுக்க வெளியே வருகிற ரகம். இதைக் கடையிலேயே இழுத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முக்கால்வாசிதான் வருகிற சேனல் போட்ட தொட்டிகளும் இருக்கின்றன, அவற்றில் பின்வாளியின் பாதி மேடைக்கு அடியிலேயே நின்றுவிடும், நிறைந்த பிறகு அதைத் தூக்கி எடுப்பது பெரும்பாடு. இதில் பின்வாளியின் பின்விளிம்பு வரை மேடையைத் தாண்டி வந்துவிடுகிறது. மூடும்போது கடைசி நாலைந்து சென்டிமீட்டருக்கு மெதுவாகி உள்ளே இழுத்துக்கொள்கிறது, கை ஈரமாக இருந்தால் முழங்காலால் தள்ளினாலும் போதும்.

இனி குறைக்கு வருகிறேன். இரண்டு வாளியும் ஒரே அளவில் கொடுத்திருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. இதை வடிவமைத்தவர்கள் ஒரு வாரம் உண்மையான வீட்டில் குப்பையைப் பிரித்துப் போட்டுப் பார்த்திருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள். ஈரக் குப்பை கனமானது, ஆனால் இடம் அடைக்காது. எங்கள் மூன்று பேருக்கு 16 லிட்டர் நிறைய நாலைந்து நாள் ஆகிறது. அத்தனை நாள் அதை வைத்திருக்க முடியாது. அடியில் தண்ணீர் தேங்கி, மேலே மேலே குப்பை அழுந்தி, காற்று போகாத இடத்தில் வளர்கிற நுண்ணுயிர்கள்தான் அந்தப் புளித்த நாற்றத்தைக் கிளப்புகின்றன. பழ ஈ முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக மாற நல்ல வெதுவெதுப்பில் பத்து நாள் போதும், ஆகவே இரண்டு நாளுக்கு ஒருமுறை காலியாகிற சின்ன வாளியில் அது குடியேறவே வழியில்லை. நிறைந்தால்தான் கொட்டுவோம் என்பது எல்லா வீட்டிலும் இருக்கிற பழக்கம்தானே, அப்படியானால் வாளி இரண்டு நாளில் நிறைகிற அளவில் இருக்க வேண்டும். முன்வாளியை எடுத்துவிட்டு மூடி போட்ட 7 லிட்டர் வாளி ஒன்றை வைத்தேன். அடியில் இரண்டு மடிப்புக் காகிதம் போடுகிறேன், கசிகிற நீரை அது இழுத்துக்கொள்கிறது. நாற்றம் நின்றுவிட்டது. மிச்சமான இடத்தில் பை உருளையும் துடைக்கிற துணியும் இருக்கின்றன.

காய்ந்த குப்பை நேர்மாறு. கனமே இல்லை, ஆனால் பாதி காற்று. பாட்டிலை நசுக்காமல், அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்காமல் போட்டால் 16 லிட்டர் ஒன்றரை நாள்கூடத் தாங்காது. நசுக்கிப் போட்டால் மூன்று நாள் வருகிறது. ஆகவே சின்னதும் பெரியதுமாக ஒரு ஜோடி கொடுத்திருந்தால், அதாவது 7-க்கு 25 என்ற மாதிரி, நான் இந்தக் குறையையே எழுதியிருக்க மாட்டேன். தனியாகச் சின்ன வாளி கிடைக்குமா என்று கேட்டேன், தனியாக விற்பதில்லை என்று பதில் வந்தது.

நிலையான மூடியைப் பற்றி மேலே புகழ்ந்தேன், அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதற்கும் வாளிக்கும் நடுவில் ஒரு விரல்கடை இடைவெளி இருக்கிறது. வாடையை அது அடைக்காது, தூசியைத்தான் தடுக்கும். கூடவே ஒரு கரி வடிகட்டித் தகடு தருகிறார்கள், முதல் இரண்டு மாதம் வேலை செய்தது, பிறகு கரி நிறைந்துவிட்டதோ என்னவோ பயனில்லை, எடுத்துவிட்டேன். ஈர வாளிக்குத் தனி மூடி கட்டாயம். கை வேலையாக இருக்கும்போது அதைத் திறந்தே வைத்துவிட்டு, சமையல் முடிந்ததும் மூடுகிறோம்.

சுத்தம் செய்வது சுலபம், ஒரே ஒரு இடத்தைத் தவிர. வாளிகள் பாலிபுரொப்பிலீன், அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கும், மூலைகள் உருண்டையாக இருப்பதால் பிரஷ் எட்டாத இடமே இல்லை. ஆனால் பின்வாளிக்கும் அலமாரியின் பின்பலகைக்கும் நடுவில் தவறி விழுகிற எதுவும் கண்ணில் படாது. நாலாவது மாதம் வாளிகளைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தபோது உள்ளே ஒரு தேக்கரண்டி, சுருண்டு காய்ந்த தோல்கள், பாட்டில் மூடிகள் கிடந்தன. இப்போது மாதம் ஒருமுறை எடுத்துத் துடைக்கிறேன்.

அந்த முக்கோணத்தைப் பற்றிச் சொல்லும்போதே ஒன்று. மூன்று அம்புக்குறியும் நடுவில் ஒரு எண்ணும் இருந்தால் மறுசுழற்சி ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 1 முதல் 7 வரை உள்ள அந்த எண் என்ன வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டும்தான் சொல்கிறது, உங்கள் பகுதியில் எதை எடுக்கிறார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அதைத் தொட்டி மூடியின் உள்பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். எண்ணெய் ஊறிய காகிதத்தைக் காய்ந்த வாளியில் போடாதீர்கள், கூழாக்கும்போது எண்ணெய் நார்களை ஒட்டவிடாது. அலுமினிய டின்னைத் தவறவிடாதீர்கள், தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதோடு ஒப்பிட்டால் அதை உருக்கி எடுக்க சுமார் 95 சதவீதம் குறைந்த ஆற்றல் போதும். பேட்டரி எந்த வாளிக்கும் போகக் கூடாது, லித்தியம் பேட்டரி நசுங்கினால் குப்பை வண்டியிலேயே தீப்பிடிக்கும். அதற்கு மேல்தட்டில் ஒரு சின்ன டப்பா வைத்திருக்கிறோம். உடைந்த கண்ணாடிக்கும் தனி இடம்தான். இத்தனை பிரிப்பு இந்தக் காலத்துத் தொல்லை என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், 1883-லேயே பாரிசில் யூஜின் பூபெல் என்ற நிர்வாகி அழுகுவதற்கு ஒன்று, காகிதமும் துணியும் போட ஒன்று, உடைந்த பீங்கான், சிப்பி ஓடு போன்றவற்றுக்கு ஒன்று என வீட்டுக்கு மூன்று தொட்டி வைக்கச் சொல்லி உத்தரவு போட்டார். பிரெஞ்சில் குப்பைத்தொட்டிக்கு இன்றும் அவர் பெயர்தான்.

வேறு வகைகளையும் பார்த்துவிட்டுத்தான் இதை வாங்கினேன். மிதித்துத் திறக்கும் தொட்டி நல்லது, ஆனால் மூடி மேலே எழும்ப இடம் வேண்டும், மேடைக்கு அடியில் சரிவராது. கை காட்டினால் திறக்கிற தொட்டி சின்னக் கிச்சனில் நாம் கடந்து போகிற ஒவ்வொரு தடவையும் திறக்கும். கதவின் உள்பக்கம் மாட்டும் வாளி ஈரக் குப்பைக்கு அளவாக இருந்தாலும், கனம் ஏற ஏற கீலின் திருகுகள் மரத்தூள் பலகையிலிருந்து கழன்று வரும், கதவு தொங்கிவிடும்.

நடைவழி 80 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் இந்த இழுவைத் தொட்டியை வாங்க வேண்டாம். வாடகை வீடாக இருந்து அலமாரியில் துளை போட முடியாவிட்டாலும் வேண்டாம். அவர்களுக்கு வெட்டும் பலகைக்குப் பக்கத்தில் மூடி போட்ட சின்ன வாளியும், 20 சென்டிமீட்டர் அகலத்தில் உயரமாக, சக்கரம் வைத்த ஒரு கூடையும் போதும். மற்றவர்கள் தாராளமாக வாங்கலாம், நான் திரும்பவும் இதையேதான் வாங்குவேன், ஈர வாளியை மட்டும் முதல் நாளே மாற்றிவிட்டு.

எட்டு மாதத்தில் பழுது என்று வந்தது ஒன்றுதான். முகப்புக் கதவு மூன்று மில்லிமீட்டர் கீழே இறங்கி, பக்கத்துக் கதவோடு வரிசை கலைந்தது. சட்டத்தின் இரண்டு பக்கமும் நீள்துளைக்குள் ஒரு திருகு இருக்கிறது, அதைத் தளர்த்தி, கதவைத் தூக்கிப் பிடித்து, மறுபடி இறுக்கினால் சரியாகிவிடுகிறது. ஒருவர் கதவைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் முடுக்க வேண்டும். வாளிகளை வெளியே எடுத்துவிட்டுச் செய்தால் ஐந்து நிமிட வேலை.